மிச்சக் காற்று

"இனிமே இந்த வண்டில நான் ஏற மாட்டேன்" என்றாள் ஆவுடைத்தாய்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை சாயங்காலம். காலையில் வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வெம்பக்கோட்டைக்கு அந்தப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் இறக்கி, திரும்பி வந்து இவளை ஏற்றி விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே வாசலில் காத்துக் கிடந்து, கொண்டுவந்து வீட்டில் சேர்த்து, மறுபடி கம்பெனிக்குப் போய் ஆட்களை ஏற்றி ஊர் ஊராக இறக்கிவிட்டு, அப்போதுதான் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். சொல்வதற்கு வேறு நேரமே கிடைக்காது இவளுக்கு.

"ஏற மாட்டேன்னா? பறந்தா போவ?"

"போகவே இல்லைங்கேன்."

ஆவுடைத்தாய் என் மனைவி. அவளுடைய சிறுநீரகம் இரண்டும் வேலைக்கு ஆகாது என்று சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி, வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். ரத்தத்தை மிஷினுக்குள் விட்டுச் சுத்தம் செய்து திருப்பி ஏற்றுவார்கள். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். அடுத்ததும் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அது இவளுக்கும் தெரியும். தெரிந்துதான் போகவில்லை என்கிறாள்.

"என்ன செய்யுது? வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "குலுக்குது" என்றாள்.

குலுக்கியது உண்மை. அன்றைக்குத் திருத்தங்கல் தாண்டிக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்த இடத்தில் வண்டி ஒரு துள்ளுத் துள்ளியது. பின்சீட்டில் படுத்திருந்தவள் எழும்பி விழுந்தாள். ஊசி போட்ட கையில் ரத்தம் கசிந்து பிளாஸ்திரி நனைந்துவிட்டது. கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை.

இதில் வயிறு எரிகிற விஷயம் என்னவென்றால், குலுங்கக் கூடாது என்று நான் செய்த ஏற்பாட்டால்தான் குலுங்கியது. இடுப்பு வலிக்கிறது என்று முன்னொரு நாள் இவள் சொன்னாள் என்பதற்காக, வண்டியின் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் பாதியைக் கழற்றிவிட்டு இரண்டு ரப்பர் பைகளை வைத்திருந்தேன். பெரிய பஸ்களில் இருக்குமே, அந்த மாதிரி. பைக்குள் இருக்கிற காற்றின் மேல் வண்டி மிதந்துகொண்டு போகும். ஆனால் அந்தக் காற்றைப் பஞ்சர் கடையில் போய்ப் பிடிக்க வேண்டியிருந்தது. முப்பது பேர் ஏறினால் பை விண்ணென்று இருக்க வேண்டும். அதே காற்றோடு ஒரே ஒரு பொம்பளை படுத்துக்கொண்டு வந்தால் வண்டி பந்து மாதிரி எகிறும். ஆட்களை இறக்கியதும் காற்றைக் குறைக்க வேண்டும், சாயங்காலம் திரும்பப் பிடிக்க வேண்டும். இது நடக்கிற காரியமா? தீபாவளி நெருங்குகிறது, கம்பெனியில் ஆர்டருக்கு மேல் ஆர்டர். திங்கட்கிழமை நேரமில்லாமல் குறைக்காமலே ஓட்டிவிட்டேன்.

ஒரு காரைப் பிடித்துக்கொண்டு போனால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்பதற்கு என்ன, வாய் இருக்கிறது கேட்பார்கள். காரில் மடங்கி உட்கார்ந்தால் இவளுக்குக் கால் நரம்பு இழுத்துக்கொள்கிறது. வேனின் பின்சீட்டில் நீட்டிப் படுத்தால்தான் வர முடியும்.

"இங்க பாரு" என்றேன். "வண்டிலயே ஒரு கம்ப்ரஸர் மாட்டிருதேன். ஆளுக்குத் தக்கன காத்து தானா ஏறும், தானா எறங்கும். குலுங்கவே குலுங்காது. அப்ப வருவேல்ல?"

"மாட்டுங்க. பாப்போம்."

மறுநாள் காலையில் ஆட்களை இறக்கிய கையோடு விருதுநகருக்கு ஓட்டினேன். பைபாஸ் ஓரத்தில் பீர் முகைதீன் பாய் கடை. உடைத்த பஸ், லாரிச் சாமான்களை வாங்கிச் சரிபண்ணி விற்கிறவர். பட்டறையும் அவரே வைத்திருக்கிறார். காற்றுப் பைகளை எனக்கு மாட்டிக்கொடுத்ததும் அவர்தான். நல்ல மனுஷன், ஆனால் பேச ஆரம்பித்தால் நமக்குத் தாடி முளைத்துவிடும்.

"வாங்க அண்ணாச்சி. தங்கச்சி எப்படி இருக்காக?"

"அவளுக்காகத்தான் வந்திருக்கேன் பாய். நாளைக்குள்ள கம்ப்ரஸர் மாட்டணும். இல்லேன்னா ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கா."

"நாளைக்கா!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டாலும் உள்ளே போய்ச் சின்னதாக ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். உரிக்காத தேங்காய் அளவுதான் இருந்தது. "ஒங்களுக்கு இதுதான் தோது. பாட்டரில ஓடும். எஞ்சின் ஓடுதா நிக்குதான்னு இதுக்குக் கவலையே இல்ல. காத்து கொறஞ்சாத் தானா ஓடும், நெறஞ்சாத் தானா நின்னுக்கிடும்."

"மோட்டாரா?"

"மோட்டார்தான்."

"உள்ள உரசிக்கிட்டே சுத்துற கார்பன் கட்டை இருக்குமா?"

"இருக்கும்."

"அப்பப் பொறியும் இருக்கும். உள்ள கொண்டு வைங்க."

"அண்ணாச்சி, அது மூடிக்குள்ளல்லா இருக்கு!"

"வேண்டாம்னா வேண்டாம் பாய்."

பாய் விருதுநகர்க்காரர். வத்தலும் எண்ணெயும் விற்கிற ஊர், அவருக்கு என்ன தெரியும்? சாயங்காலம் என் வண்டியில் ஏறுகிற பொம்பளைகளைப் பார்க்க வேண்டும். கையெல்லாம் அலுமினியப் பொடி அப்பி வெள்ளி மாதிரி மினுங்கும். புருவத்தில் பொடி, சேலை மடிப்பில் பொடி. ராத்திரி வண்டியைக் கூட்டினால் முறத்தில் பொடி. அதனால்தான் கம்பெனி வாசலுக்கு முன்னால் வேப்பமரத்தடியிலேயே எஞ்சினை அணைத்து, சாவியை உருவி வாட்ச்மேன் பலகையில் மாட்டிவிட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஆள் ஏறும்போதும் இறங்கும்போதும் என் வண்டி எஞ்சின் ஓடியதே கிடையாது. கம்பெனி வாசலில் மட்டுமில்லை, எங்கேயும். அப்படிப்பட்ட வண்டியில், சீட்டுக்கு அடியில், யாரையும் கேட்காமல் தானாக ஓடித் தானாக நிற்கிற ஒரு மோட்டாரா?

"ஒங்க வண்டில எஞ்சினக் கெளப்புற செல்ஃப் மோட்டார் இல்லையா? அதுல பொறி இல்லையா?" என்று பாய் விடவில்லை.

"அது நான் சாவியத் திருகுனாத்தான் ஓடும். இது தன்னிச்சயால்ல ஓடும்?"

பாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு இரண்டாவதைக் கொண்டுவந்தார். காரில் ஏசிக்கு வைத்திருந்த கம்ப்ரஸரைக் காற்றுக்கு மாற்றியது. எஞ்சின் பெல்ட்டில் ஓடும், இடத்தை அடைக்காது. ஆனால் உள்ளே ஊற்றுகிற எண்ணெய் காற்றோடு சேர்ந்து பைக்குப் போய் ரப்பரை ஊறவைத்துவிடும் என்று அவரே சொன்னார். வேலை செய்கிறதா என்று காட்ட ஒரு பாட்டரியில் வயரைத் தொட்டார். 'டிக்' என்று ஒரு சத்தம். வயர் நுனியில் நீலமாக ஒரு மினுக்கம். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"பாய், அத மொதல்ல கீள வைங்க."

"யா அல்லா" என்று சிரித்துக்கொண்டே கீழே வைத்தார்.

மூன்றாவது ஒரு இரும்புக் கட்டி. சின்ன லாரியில் பிரேக்குக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கினார்கள். எஞ்சின் புல்லியிலிருந்து ஒரு பெல்ட் வந்து இதைச் சுற்றும். எஞ்சின் எண்ணெயிலிருந்தே ஒரு குழாய் இதற்கும் வரும்.

"வயர் உண்டா?"

"ஒரு வயரும் கெடையாது. இரும்பும் எண்ணெயும்தான்."

"இதையே மாட்டுங்க."

"மாட்டுதேன். ஆனா கேட்டுக்கிடுங்க. இது நிப்பாட்டுனா நிக்கிற சாதியில்ல. எஞ்சின் ஓடுற வரைக்கும் காத்த அனுப்பிக்கிட்டேதான் இருக்கும். பை நெறஞ்ச பெறகு அந்த மிச்சக் காத்து எங்கயாச்சும் போகணும்ல? அதுக்கு ஒரு வால்வு இருக்கு, வெளிய விட்டுரும். எஞ்சின் நின்னா இதுவும் செத்துச்சு, ஒரு பொட்டுக் காத்து வராது. நீங்களோ டீக்கடையில நிப்பாட்டுனாக்கூடச் சாவிய உருவுற ஆளு. ஒங்களுக்கு ஆகாதது எதுவோ அதத்தான் தேடிப் பிடிச்சிருக்கீக."

"உருவுறதாலதான் உசுரோட இருக்கேன் பாய். மாட்டுங்க."

புதன்கிழமை முழுக்க வண்டி பட்டறையில் நின்றது. கம்பெனி ஆட்களுக்குச் சித்தப்பா மகனுடைய வேனை அனுப்பினேன். புல்லிக்கு நேராக இதை உட்காரவைக்க இரும்புச் சட்டம் அடித்தார்கள், பெல்ட் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று கழற்றினார்கள், மறுபடி அடித்தார்கள். எனக்கு உட்கார இருப்புக் கொள்ளவில்லை. அன்று டயாலிசிஸ் நாள். இவள் வீட்டில் படுத்திருக்கிறாள், உடம்பில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. காரைக் கொண்டுவருகிறேன், எப்படியாவது போய்விட்டு வருவோம் என்று காலையில் கெஞ்சியும் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஓசூரில் இருக்கிற மகள் கீர்த்திகா போனில் அழுதாள். அதற்கும் அசையவில்லை.

சாயங்காலம் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன். சொல்லக் கூடாது, அப்படி ஒரு சுகம். அதே திருத்தங்கல் பள்ளம், இறங்கியதும் தெரியவில்லை, ஏறியதும் தெரியவில்லை. தனியாக ஓட்டிக்கொண்டு வந்த நான் "அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னேன்.

வீட்டில் நுழைந்தால் இவள் கால் இரண்டும் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்திருந்தாள்.

"மாட்டியாச்சா?"

"மாட்டியாச்சு. தொட்டில் மாதிரி வருது. நாளைக்கே ஆஸ்பத்திரில கேட்டுப் பாக்கட்டா?"

"வெள்ளிக்கெளமதான நம்ம மொற. அன்னைக்குப் பாப்போம்."

மறுபடியும் அந்தப் பாப்போம்.

வியாழக்கிழமை காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனேன். வண்டி போகிற போக்கைப் பார்த்து, "என்னண்ணே, நம்மளுக்கும் ஏசி பஸ்ஸு ஆக்கிட்டீகளா?" என்று சுப்புத்தாய் கேலி பண்ணினாள். காகிதக் குழாயில் வெடிமருந்து அடைக்கிற வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவள், வாய்க்காரி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வேப்பமரம் தெரிந்தது, வேகத்தைக் குறைத்து உருட்டிக்கொண்டு போனேன். வேகமாக ஓடும்போது எஞ்சின் இரைச்சலில் அமுங்கிப்போயிருந்தது, அந்த மெதுவான ஓட்டத்தில்தான் கேட்டது: பை நிறைந்து, மிச்சக் காற்றை வால்வு வெளியே விட்டது. வண்டிக்கு அடியிலிருந்து ஒரு சத்தம்.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.

அவ்வளவுதான். வேறு எந்த ஊர் ஆளாக இருந்தாலும் என்ன சத்தம் என்று குனிந்து பார்த்திருப்பான். எங்கள் ஆட்கள் பார்க்க மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுப்பது அது ஒன்றுதான்: திரி சீறுகிற சத்தம் கேட்டால் பார்க்காதே, ஓடு. அதற்காகத்தான் மருந்து அறைக்கு நாலு பக்கமும் வாசல் வைத்திருக்கிறார்கள். என் வண்டிக்கு இரண்டே கதவு. ஒரு அலறல், ஒரு தள்ளல். பிரேக்கைப் போட்டு நான் திரும்புவதற்குள் பாதி வண்டி காலி. வேலிக்கருவைக்குள்ளும் கரிசல் காட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் ஓடுகிறார்கள். சுப்புத்தாய் குதித்ததில் முழங்கால் கிழிந்து ரோட்டோரத்தில் கிடந்தாள். கிடந்தபடியே, "ஓடுங்கடி, ஓடுங்கடி" என்று கத்துகிறாள்.

நானும் ஓடினேன். அதையும் சொல்லத்தானே வேண்டும். பாய் சொல்லிவிட்டுத்தான் மாட்டினார், அது வால்வு என்று எனக்குத் தெரியும், ஆனாலும் என் கால் கேட்கவில்லை. சாவியை உருவிக்கொண்டு கால்வாய் வரைக்கும் ஓடி நின்று, பிறகுதான், "ஏ, ஒண்ணுமில்ல, காத்துதான், காத்துதான்" என்று கத்தினேன்.

போர்மேன் ராஜபாண்டியன் வாசலிலிருந்து ஓடிவந்தான். முகம் வெளிறிக் கிடந்தது.

"பெத்தணண்ணே, என்னத்த வச்சிருக்கீக வண்டிக்குக் கீள?"

சொன்னேன். சுப்புத்தாய் முழங்காலில் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே, "ஒம்ம காத்துல கொள்ளிய வைக்க!" என்று வைதாள். வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

"இந்தச் சத்தத்தோட வண்டி நாளைக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது. உள்ள ஒருத்தி கையில மருந்து இருக்கும்போது இது கேட்டுச்சுன்னா என்ன ஆகும்? நெனச்சுப் பாருங்க" என்றான் ராஜபாண்டியன். நினைத்துப் பார்த்தேன். வியர்த்துவிட்டது.

மத்தியானமே பாய் கடையில் போய் நின்றேன். நடந்ததைக் கேட்டுச் சிரிக்க வாயெடுத்தவர் என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"சத்தம் கேக்கக் கூடாது பாய். கொஞ்சங்கூடக் கேக்கக் கூடாது."

"ஒரே அடியா வெளிய விட்டாத்தான சத்தம்? பொடி ஓட்டை ஒண்ணு வச்சிருதேன். எப்பவும் கொஞ்சங் கொஞ்சமாப் போய்க்கிட்டே இருக்கும், காதை வச்சாலும் கேக்காது. எஞ்சின் ஓடும்போது போறதும் வாரதும் சரியாப் போயிரும்."

"எஞ்சின் நின்னா?"

"நின்னா வரத்து இல்ல, போக்கு மட்டுந்தான். கொஞ்ச நேரத்துல மொத்தமும் எறங்கி வண்டி குண்டிய ஊனி உக்காந்துக்கிடும். பெறகு எஞ்சினப் போட்டு எந்திரிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதான். இதுக்குத்தான் அன்னைக்கே அந்த மோட்டார..."

"பாய்!"

"சரி, சரி. நான் பேசல."

ஓட்டையை வைத்தார். உண்மையிலேயே சத்தம் இல்லை. சாயங்காலம் கம்பெனிக்குப் போனால், ஒவ்வொருத்தியும் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள். சுப்புத்தாய் முழங்காலில் கட்டோடு முன்சீட்டில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இறங்குகிற வரைக்கும் கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஆட்களை இறக்கிவிட்டு வந்து பார்த்தால் இவளால் பேசவே முடியவில்லை. ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. எனக்குத் திட்டத் தெம்பில்லை, கெஞ்சவும் தெம்பில்லை.

"ஒரே ஒரு தடவ வந்து பாரு ஆவுடை. குலுங்குச்சுன்னா இனிமே கூப்பிட மாட்டேன். சத்தியமா."

"சரி" என்றாள்.

வாசலில் போய் நின்று கை தட்டினேன். எனக்கு முதுகில் தட்டு விலகி வருஷக்கணக்காகிறது, ஒற்றை ஆளாக இவளைத் தூக்க முடியாது. பின்கதவுப் படி வேறு உயரம். கை தட்டினால் தெருவில் யாராவது வருவார்கள், நல்ல ஜனங்கள். அன்றைக்கு டிராக்டர் ஓட்டுகிற காசிராஜனும், பால்காரரும், யாரையோ பார்க்க வந்த ஒரு வெளியூர்க்காரரும் வந்தார்கள். இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுக்க, ஒருத்தர் காலைப் பிடிக்க, "ஏலே, பாத்து, பாத்து" என்று நான் சத்தம் போட, தூக்கிப் பின்சீட்டில் போட்டோம். எப்போதும் போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

வண்டி வழுக்கிக்கொண்டு போனது. வேகத்தடை, பள்ளம், ரயில்வே கேட், ஒன்றும் தெரியவில்லை.

"எப்படி இருக்கு?"

"ம்."

"குலுங்குதா?"

"இல்ல."

அவ்வளவுதான். இந்த ஒரு வார்த்தைக்கா நான் நாலு நாளாக நாய் படாத பாடு பட்டேன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அப்போதும் கண்ணை மூடித்தான் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இறக்க இரண்டு ஆட்டோக்காரர்களைக் கூப்பிட்டேன். புதன்கிழமை ஏன் வரவில்லை என்று நர்சம்மா என்னைப் பிடித்துக் காய்ச்சினார். காய்ச்சட்டும். மிஷினில் போட்டு, கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகிவிட்டது என்று வந்து சொன்னார்கள். நான் ஒரு பெஞ்சில் சாய்ந்து தூங்கிப்போனேன்.

மத்தியானத்துக்கு மேல் இவளைச் சக்கர நாற்காலியில் வைத்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வண்டியைப் பார்த்தால் அடைகாக்கிற கோழி மாதிரிப் பின்பக்கம் தரையோடு உட்கார்ந்திருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள்.

"இந்தா எந்திரிக்க வச்சிருதேன்" என்று டிரைவர் சீட்டுப் பக்கம் ஓடிக்கொண்டே ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்துக் கை தட்டினேன். "தம்பிகளா, ஒரு கை குடுங்கப்பா, ஏத்தணும்!"

"எஞ்சினப் போடாதீக" என்றாள் ஆவுடைத்தாய்.

"என்ன?"

"போடாதீகங்கேன். அவுகள வர வேண்டாம்னு சொல்லுங்க."

அந்தக் குரலை நான் கேட்டு ரொம்ப நாளாகிறது. நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தாள். தள்ளாடினாள். நான் பிடிக்கப் போனேன், முறைத்தாள். பின்கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். வண்டி தணிந்து உட்கார்ந்திருந்ததில் அது வீட்டு வாசல்படி உயரம்தான் இருந்தது. நின்று மூச்சு வாங்கினாள். மற்றக் காலையும் தூக்கி வைத்தாள். உள்ளே போய் சீட்டில் உட்கார்ந்து, முந்தானையை எடுத்துத் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.

"ஏறிட்டேன்" என்றாள்.

பாதி வழி வந்த ஆட்டோக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். அவர்கள் திரும்பிப் போனார்கள்.

வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியை உருவியதும் வழக்கம்போலக் காசிராஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். ஜன்னல் வழியாக இவள் குரல் வந்தது.

"வேண்டாம்ண்ணே. வண்டி உக்காரட்டும், நானே எறங்கிக்கிடுதேன்."

"அது உக்கார நேரமாகும்" என்றேன். "கம்பெனில ஆளுக காத்துக் கெடப்பாக. ராஜபாண்டியன் ஏற்கெனவே கடுப்புல இருக்கான்."

"காத்துக் கெடக்கட்டும்."

காசிராஜன் போய்விட்டான். நான் பின்னால் போய் அவளுக்கு எதிர்சீட்டில் உட்கார்ந்தேன்.

"ஆக குலுக்குனதெல்லாம் ஒனக்கு ஒண்ணுமில்ல. படிதான் ஒசரம். அத அன்னைக்கே சொல்லித் தொலச்சிருந்தா ஒரு முக்காலி செஞ்சு போட்டிருப்பேன்ல?"

"முக்காலி போட்டாலும் நீங்க கை தட்டுவீக" என்றாள். "ஒரு வருசமாத் தட்டுதீக. யாரு வாரா, எவன் வாரான்னு எனக்குத் தெரியாது. ஒருத்தன் கக்கத்துல கையக் குடுக்கான், ஒருத்தன் காலப் பிடிக்கான். எஞ் சேல எங்கன போகுதுன்னு இழுத்துவிட எனக்குக் கை இல்ல. ரெண்டு கையும் அவுக கிட்டல்ல இருக்கு? கண்ண மூடிக்கிடுவேன். போறப்ப ஒரு தடவ, வாரப்ப ஒரு தடவ, அங்க எறங்க, இங்க எறங்க. இப்படிப் பொளைக்கதுக்கு வீட்டுலயே கெடந்து போயிரலாம்னு ஆயிருச்சு எனக்கு."

"எங்கிட்ட ஏன் சொல்லல? குலுக்குதுன்னுதான சொன்ன?"

"வேற என்னத்தச் சொல்ல? இதச் சொன்னா, உசுரு போற நேரத்துல வெக்கம் என்ன வெக்கம்பீக."

சொல்லியிருப்பேன். எழுத்து மாறாமல் அதையேதான் சொல்லியிருப்பேன். அந்த வார்த்தை அப்போதுகூட என் நாக்கு நுனி வரைக்கும் வந்திருந்தது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சட்டைப் பையில் போன் அடித்தது. ராஜபாண்டியனாகத்தான் இருக்கும். எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. வண்டி எங்களோடு சேர்ந்து மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

பின்பக்கம் முழுக்க உட்கார்ந்ததும் இவள் எழுந்தாள். கம்பியைப் பிடித்து ஒரு காலைத் தரையில் வைத்தாள். பிறகு மற்றதை. வாசலில் நிமிர்ந்து நின்று சேலையைச் சரிசெய்துகொண்டு திரும்பினாள்.

"திங்கக்கெளம வாரேன்" என்றாள். "கை தட்டாதீக."

"தட்டல" என்றேன்.